டெயில்ஸ்கேல்: மில்லு பொட்டிக்கும் மும்பை சர்வருக்கும் நடுவுல ஒன்றரை வருஷம்

நாங்க கோயம்புத்தூர்ல ஸ்பின்னிங் மில்லுகளுக்கு மெஷின் மானிட்டரிங் பண்ணிக் குடுக்கற சின்ன டீம், மொத்தமே நாலு பேரு. ரிங் ஃபிரேம் (நூல் முறுக்கற மெஷின்) எத்தன தடவ நின்னுச்சு, நூல் எங்க அதிகமா அறுந்துச்சு, ஷிஃப்ட்டுக்கு எவ்ளோ கரண்ட் இழுத்துச்சுன்னு மில்லுலயே ஒரு சின்ன பொட்டி உக்காந்து கணக்கு போடும், சுருக்கம் மட்டும் ஏடபிள்யூஎஸ்ங்கற அமேசான் கிளவுட்ல, மும்பைல இருக்கற எங்க சர்வருக்கு வரும். இன்னிக்கு 11 மில்லு, 23 பொட்டி, பல்லடம் உடுமலை அவினாசி திண்டுக்கல்னு சிதறிக் கெடக்கு. இத்தனையையும் கிளவுடோட பாதுகாப்பா கோர்க்கறதுக்கு டெயில்ஸ்கேல்னு ஒரு விபிஎன் சேவை (இன்டர்நெட்டுக்குள்ளயே நமக்கு மட்டும் பூட்டுப் போட்ட தனி பாதை) போட்டு ஒன்றரை வருஷம் ஆகுது, இதே மாதிரி வேல பாக்கறவங்க நெறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடறேன்.

மொதல்ல எங்க பிரச்சனை என்னன்னு சொல்லிடறேன். மும்பை டேட்டா சென்டர்ல சர்வர் இருக்கற ரூமுக்குள்ள யாரும் சும்மா நுழைய முடியாது. எங்க பொட்டி இருக்கற ரூம்ல எலக்ட்ரீஷியன் அண்ணனோட சோத்துப்பை தொங்கும், பஞ்சு பறக்கும், கதவு எப்பவும் தெறந்தே கெடக்கும், ஏன்னா உள்ள அவ்ளோ சூடு. ஒருத்தர் ஒயர புடுங்கி பொட்டிய பைல போட்டுட்டு போனா கேக்க ஆளில்ல. கிளவுட் செக்யூரிட்டி பத்தி படிக்கறதுல பாதிக்கு மேல சர்வர் பூட்டின ரூம்ல இருக்குன்னு நெனச்சு எழுதினது, எட்ஜுக்கு, அதாவது இப்படி மில்லுலயே உக்காந்து வேல பாக்கற பொட்டிக்கு, அது செல்லாது.

இன்னொரு பெரிய தலைவலி மோட்பஸ். மெஷின்ல இருக்கற பிஎல்சி (மெஷின ஓட்டற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) எல்லாம் பேசறது அந்த பாஷை தான், 1979ல வந்தது, அதுல பாஸ்வேர்டுங்கற பேச்சே கெடையாது. 502 போர்ட்டுக்கு (நெட்வொர்க்ல உள்ள வர்ற ஒரு கதவு நம்பர்) யார் வந்து எத எழுதச் சொன்னாலும் பிஎல்சி எழுதிக்கும். ஒரு மில்லுல நாங்க போறதுக்கு முன்னாடியே யாரோ ஒரு காண்ட்ராக்டர் ரவுட்டர்ல அந்த போர்ட்ட நேரா இன்டர்நெட்டுக்கு தெறந்து வெச்சுட்டு போயிருந்தாரு, வீட்ல இருந்து பாக்கறதுக்காம். அத பாத்தப்ப எனக்கு நெஜமாவே கை நடுங்குச்சு, ஓடிட்டு இருக்கற மெஷின் பக்கத்துல ஆளுங்க நிக்கறாங்கல்ல.

எங்க பழைய செட்டப்பும் பெருமைப்படற மாதிரி இல்ல. ஒரு வெண்டார் போட்டுக் குடுத்த விபிஎன், எல்லா பொட்டிக்கும் ஒரே சர்டிஃபிகேட், அதாவது ஒரே டிஜிட்டல் அடையாள அட்டை. ஒரு பொட்டி சர்வீசுக்கு வெளிய போச்சுன்னா அத மட்டும் தடுக்க வழியில்ல, மாத்தணும்னா எல்லா மில்லுக்கும் போய் மாத்தணும். அதோட பொட்டி பாதி 4ஜி டாங்கிள்ல ஓடுது, மொபைல் நெட்வொர்க்ல நமக்குன்னு தனி பப்ளிக் ஐபி (வெளிய இருந்து நேரா கூப்பிடக்கூடிய அட்ரஸ்) கெடைக்காது, அதனால வெளிய இருந்து உள்ள வரதே பெரும்பாடு.

டெயில்ஸ்கேல் இதுல என்ன பண்ணுதுன்னா, அடியில ஓடறது வயர்கார்ட்ங்கற ஓப்பன் சோர்ஸ் விபிஎன் தான். வயர்கார்ட் 2020 மார்ச்ல லினக்ஸ் 5.6 கெர்னல்லயே (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) சேந்துடுச்சு, அதுல இதோட கோட் சுமார் 4000 வரி தான், பழைய விபிஎன் கூட ஒப்பிட்டா ரொம்ப சின்னது, உக்காந்து படிச்சு சரிபாக்கற அளவு. தெரியாத ஆள் கதவ தட்டினா பதிலே சொல்லாது, போர்ட் ஸ்கேன் பண்றவனுக்கு அங்க ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும். ஆனா வெறும் வயர்கார்ட்ல 23 பொட்டிக்கு கீ போட்டு, யாரு யாருக்கு தெரியணும்னு கையால எழுதி, ஒண்ணு மாறினா அத்தனையும் திருத்தி, நாலு பேர் டீமுக்கு அது முழு நேர வேல. அந்த பங்கீட்டு வேலைய தான் டெயில்ஸ்கேல் எடுத்துக்குது. பிரைவேட் கீ, அதாவது பூட்ட தெறக்கற ரகசிய சாவி, அந்தந்த பொட்டியிலயே உருவாகும், அத விட்டு வெளிய போகாது, அதோட ஜோடியான, ரகசியம் இல்லாத பப்ளிக் கீய மட்டும் அவங்க கோஆர்டினேஷன் சர்வர் மத்தவங்களுக்கு குடுக்கும். டேட்டா பொட்டிக்கும் சர்வருக்கும் நடுவுல நேரா போகும். நேரா போக வழியே இல்லன்னா டெர்ப்னு சொல்ற அவங்க ரிலே (நடுவுல வாங்கி அனுப்பற சர்வர்) வழியா போகும், அப்பவும் என்க்ரிப்ட் ஆனபடியே தான் போகும், ரிலேல இருக்கறவங்களால பிரிச்சு படிக்க முடியாது.

நான் 4ஜில லேப்டாப்ப போட்டுட்டு 4ஜில இருக்கற பொட்டிய கூப்பிட்டா டெயில்ஸ்கேல் பிங்ல (எந்த வழியா பதில் வருதுன்னு பாக்கற கமாண்ட்) டெர்ப், பெங்களூர்னு காட்டும், எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து கமாண்ட் அடிக்கற வழி) கொஞ்சம் இழுக்கும் ஆனா வேல நடக்கும். மும்பை சர்வருக்கு சொந்த ஐபி இருக்கறதால 41641 யூடிபி போர்ட்ட தெறந்து விட்டேன், அதுல இருந்து பொட்டி டேட்டா எல்லாம் நேர் வழி தான். மில்லு பக்கம் ஒரு போர்ட்டும் தெறக்கல. அந்த 502அ மூடின அன்னிக்கு தான் எனக்கு தூக்கம் வந்துச்சு.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன், இத வாங்கறவங்க தயவுசெஞ்சு பொறுமையா படிங்க. புதுசா ஒரு டெயில்நெட் (நம்ம மெஷினெல்லாம் சேந்த தனி நெட்வொர்க்) ஆரம்பிச்சா மொதல்ல இருக்கற ரூல், உள்ள இருக்கறவங்க எல்லாரும் எல்லாரையும் தொடலாம்ங்கறது தான். வீட்ல நாலு கம்ப்யூட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு அது வசதி, எங்கள மாதிரி பல கஸ்டமர் இருக்கற எடத்துல அது ஆபத்து. நான் மொத மூணு வாரம் அப்படியே விட்டுட்டேன், கனெக்ட் ஆகுதேங்கற சந்தோஷத்துல. பல்லடம் பக்கம் ஒரு மில்லுல ஐடி பாக்கற அண்ணன் பொட்டி முன்னாடி உக்காந்து டெயில்ஸ்கேல் ஸ்டேட்டஸ் கமாண்ட் போட்டு பாத்துட்டு, "ஏந்தம்பி, இந்த 100ல ஆரம்பிக்கற ஐபி இத்தன இருக்குதே, இதெல்லாம் யாரோடதுங்க?"ன்னு கேட்டாரு. அதுல ஒண்ணு அவங்களுக்கு நேர் போட்டி மில்லோட பொட்டி. பிங் பண்ணி காட்டினாரு, பதில் வந்துச்சு. நான் என்ன சொல்ல முடியும், தப்புங்கண்ணா இன்னிக்கே சரி பண்ணிடறேன்னு சொல்லிட்டு வெளிய டீக்கடைல உக்காந்து லேப்டாப்ப தெறந்து மொத வேலையா அத தான் மாத்தினேன்.

மாத்தினது இது தான். ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு டேக், அதாவது பொட்டிக்கு ஒட்டற லேபிள். அந்த டேக் இருக்கற பொட்டி மும்பைல இருக்கற கலெக்டர் சர்வரோட 8883 போர்ட்ட மட்டும் தொடலாம், அது டிஎல்எஸ்ங்கற பூட்டு போட்ட எம்க்யூடிடி, சின்னச் சின்ன மெசேஜ் அனுப்பற ஒரு முறை. வேற பொட்டிய தொடக்கூடாது, எங்க லேப்டாப்ப தொடக்கூடாது. எங்க நாலு பேர்ல ரெண்டு பேருக்கு மட்டும் எஸ்எஸ்எச். இப்படி எழுதினதுக்கப்பறம் ஒரு பொட்டில நின்னு பாத்தா பக்கத்து மில்லு பொட்டி இருக்கறதே தெரியாது, லிஸ்ட்லயே வராது. எனக்கு ரொம்ப புடிச்சது இந்த ரூலெல்லாம் எழுதற பாலிசி ஃபைலுக்குள்ளயே டெஸ்ட் எழுதலாம், பல்லடம் டேக் அவினாசி டேக்க தொட முடியக்கூடாதுன்னு ஒரு வரி போட்டு வெச்சா, நாளைக்கு யாரோ அவசரத்துல ரூல தளத்தி எழுதினா சேவ் ஆகாது, திருப்பி அனுப்பிடும். இத மொத நாளே பண்ணுங்க.

டேக் விஷயத்துல இன்னொண்ணு. ஆளோட லாகின்ல சேத்த மெஷினுக்கு கீ 180 நாள்ல காலாவதி ஆகும், டேக் போட்டதுக்கு ஆகாது. ஆரம்பத்துல ஒரு பொட்டிய டேக் போடாம என் லாகின்லயே சேத்துட்டேன், கரெக்டா ஆறு மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம அது கட் ஆயிடுச்சு, உடுமலைக்கு பைக்ல போனேன். டெயில்ஸ்கேல் அட்மின் கன்சோல்ல இருந்தே கொஞ்ச நேரத்துக்கு கீய நீட்டிக்கலாம்னு அப்பறமா தான் படிச்சேன். அதே சமயம் டேக் போட்டா காலாவதி இல்லங்கறது வசதி மட்டும் இல்ல, திருடு போன பொட்டியோட கீ நீங்களா தூக்கற வரைக்கும் உயிரோட இருக்கும்னு அர்த்தம். யாராவது ஒருத்தர் தெனமும் லிஸ்ட்ட பாக்கணும்.

சப்நெட் ரவுட்டர்னு ஒரு வசதி இருக்கு, பொட்டி வழியா மில்லுக்குள்ள இருக்கற மொத்த நெட்வொர்க்கையும் வெளிய இருந்து தொடலாம். வேணாம்ங்க. என்க்ரிப்ஷன் பொட்டியோட முடிஞ்சிடும், அங்க இருந்து பிஎல்சி வரைக்கும் அதே பழைய மோட்பஸ் தான். பொட்டியே பிஎல்சிய படிக்கட்டும், வெளிய எண்ணு மட்டும் போகட்டும். தவிர்க்கவே முடியலன்னா அந்த ஒரு பிஎல்சி ஐபி, அந்த ஒரு போர்ட், வேல முடிஞ்சதும் மூடிடுங்க.

அப்பறம் இது எத பாதுகாக்காதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கணும். பொட்டிக்குள்ள கன்டெய்னர்கள நிர்வகிக்கற கே3எஸ் ஓட்டறோம், ஏழெட்டு கன்டெய்னர் (தனித்தனியா அடைச்சு வெச்ச புரோகிராம்) இருக்கும். டெயில்ஸ்கேலுக்கு பொட்டி முழுசும் ஒரே ஆளு, உள்ள எந்த கன்டெய்னர் பேசுதுன்னு அதுக்கு தெரியாது. ஒண்ணு கெட்டுப்போனா பொட்டி எங்கெல்லாம் போகலாமோ அங்கெல்லாம் அதுவும் போகும். அதனால நெட்வொர்க் பாலிசி எழுதி, டேட்டாவ அனுப்பற கன்டெய்னருக்கு மட்டும் வெளிய போக வழி விட்டிருக்கோம், கே3எஸ்லயே அதுக்கான கன்ட்ரோலர் இருக்கு ஆனா பாலிசி எழுதலன்னா எல்லாம் தொறந்து தான் கெடக்கும். சீக்ரெட்ஸ (உள்ள வெச்சிருக்கற பாஸ்வேர்ட், கீ) என்க்ரிப்ட் பண்ற ஆப்ஷனையும் நாமளா தான் போடணும், தானா வராது. 23 பொட்டியையும் ஒரே கிளஸ்டரா (ஒண்ணா சேந்து ஓடற கூட்டம்) கட்டலாமேன்னு எங்க டீம்லயே ஒருத்தர் சொன்னாரு, நான் ஒத்துக்கல, ஒரு பொட்டி போனா அதோட டோக்கன் (கூட்டத்துல சேர்ற அனுமதிச் சீட்டு) மத்த எல்லாத்தையும் இழுத்துட்டு போகும், அதனால ஒவ்வொண்ணும் தனித்தனி. புது வெர்ஷன் வந்தா கிளவுட் உள்ள தள்ளறதில்ல, பொட்டியில இருக்கற ஃபிளக்ஸ்ங்கற அப்டேட் டூல் வெளிய வந்து இழுத்துக்கும்.

அவங்க கோஆர்டினேஷன் சர்வரோட கோட் வெளிய இல்ல, கிளையன்ட்டோட முக்கியமான கோட் ஓப்பன் சோர்ஸ், சிலருக்கு இது உறுத்தும், எனக்கும் உறுத்துச்சு. அந்த சர்வரே திடீர்னு ஒரு தெரியாத மெஷின உள்ள விட்டா என்ன பண்றதுங்கற கேள்விக்கு டெயில்நெட் லாக்னு ஒரு பூட்டு வெச்சிருக்காங்க, நம்ம கைல இருக்கற மெஷின் கையெழுத்து போட்டா தான் புது மெஷின மத்ததெல்லாம் ஏத்துக்கும். ஆபீஸ்ல ரெண்டு லேப்டாப்புக்கு மட்டும் அந்த உரிமை குடுத்திருக்கேன். அதுவும் போதாதுன்னா ஹெட்ஸ்கேல்னு ஓப்பன் சோர்ஸ் இருக்கு, சர்வர நாமளே ஓட்டலாம், ஆனா ராத்திரி அது விழுந்தா எழுந்திரிக்கற ஆளும் நாம தான். விலை டாலர்ல ஆளுக்கு இவ்ளோன்னு மாசக் கணக்கு, எங்க நாலு பேருக்கு கட்டுப்படியாகுது. நடந்தத பதிவு பண்ற லாக் ஃபைல் விஷயத்துல மட்டும் இந்தியால இருக்கறவங்க கவனம், 2022 ஏப்ரல்ல வந்த செர்ட்-இன் (அரசாங்கத்தோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி அந்த பதிவ 180 நாள் வெச்சிருக்கணும், சம்பவம் நடந்தா 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். நாங்க மும்பைல தனியா சேத்து வெக்கறோம்.

போன கார்த்திகைல திண்டுக்கல் பக்கத்து மில்லுல ஒரு பொட்டி நெஜமாவே காணாம போச்சு, யூபிஎஸோட சேத்து. ராத்திரி 11 மணிக்கு சூப்பர்வைசர் போன் பண்றாரு, நான் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். போன்லயே கன்சோல தெறந்து அந்த மெஷின தூக்கினேன், ஒரு நிமிஷம் கூட ஆகல, மும்பை சர்வர் லிஸ்ட்ல அது இல்ல. மத்த 22ல கை வெக்கவே இல்ல. பழைய விபிஎன்னா அன்னிக்கு ராத்திரியே 11 மில்லுக்கும் கார் எடுத்திருக்கணும்.

டிஸ்க என்க்ரிப்ட் பண்ற விஷயம் தனி. மில்லுல கரண்ட் அடிக்கடி போகும், ஒவ்வொரு தடவையும் யாரும் போய் பாஸ்வேர்ட் அடிக்க முடியாது. டிஸ்க் சாவிய பொட்டிக்குள்ளயே வெச்சிருக்கற டிபிஎம் சிப்ப மட்டும் நம்பினா பொட்டியோட திருடினவன் ஆன் பண்ணாலும் டிஸ்க் தானா தெறந்துக்கும். அதனால மில்லு ஆபீஸ் ரூம்ல, வேற கட்டடத்துல, ஒரு சின்ன ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர்ல டேங்க் (Tang) சர்வர் வெச்சிருக்கோம், பொட்டியில இருக்கற க்ளெவிஸ் புரோகிராம் அதுகிட்ட கேட்டு தான் டிஸ்க தெறக்கும். அந்த மில்லு நெட்வொர்க்குக்குள்ள இருந்தா மட்டும் தான் டிஸ்க் தெறக்கும். அந்த ராஸ்பெர்ரி பைக்கும் ஒரு யூபிஎஸ் குடுத்துடுங்க, இல்லன்னா கரண்ட் வந்தும் பொட்டி எழுந்திரிக்காது.

மூணு வாரம் கழிச்சு பொட்டி ஒரு பழைய இரும்பு கடைல கெடைச்சுது. ஆபீஸுக்கு கொண்டாந்து மானிட்டர் மாட்டி ஆன் பண்ணோம், டிஸ்க் பாஸ்வேர்ட் கேட்டு அங்கயே நின்னுச்சு, அதுக்கு மேல போகல. அத திரும்ப மில்லுக்கு அனுப்பல, நடுவுல அது யார் யார் கைக்கு போச்சுன்னு தெரியாதுல்ல, டிஸ்க கழட்டி எடுத்துட்டு பொட்டிய ஆபீஸ்ல டெஸ்டிங்குக்கு வெச்சிருக்கோம், டெயில்நெட்ல சேக்கல.