செட்டிநாட்டு வீட்டுக்கு எது ஏற்றது: ஃபைபரா, 5ஜி ஏர்ஃபைபரா?

வீட்டு இணைய இணைப்புக்கு ஃபைபர் கேபிள் வாசல்வரை வருகிறதென்றால் அதையே வாங்குங்கள். கண்ணாடி இழையில் ஒளியாக வரும் தரவு மழைக்கு அசைவதில்லை. பதிவேற்ற வேகமும் நிலையாக இருக்கும். சிங்கப்பூர்ப் பேரனோடு வீடியோவில் பேசும் ஆச்சிக்கு அதுதான் முக்கியம்.

2023இல் இந்தியாவுக்கு வந்த 5ஜி ஏர்ஃபைபரில், மொட்டை மாடிப் பெட்டி செல்பேசிக் கோபுரத்தின் அலையை வாங்கி ரவுட்டருக்குக் கொடுக்கிறது. கேபிள் எட்டாத தெருக்களுக்கு இது பெரிய வரம். ஆனால் ஒரே கோபுரத்தை ஊரே பகிர்வதால் மாலையில் வேகம் இறங்கலாம். பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டம் கூடும் நாள்களில் இன்னும் இறங்கலாம்.

நம் வீடுகளின் உண்மையான சிக்கல் சுவர்தான். 5ஜிக்குப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை, தடித்த சுண்ணாம்புச் சுவரைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடும். சிம் போடும் சிறிய ரவுட்டரை உள்ளறையில் வைத்துப் பயனில்லை, வெளிப்பெட்டி கட்டாயம். ஃபைபர் வாங்கினாலும் இந்தத் தொல்லை முழுதாகத் தீராது. முகப்பில் வைத்த வைஃபை, முற்றத்தைச் சுற்றிய வளவைக் கடந்து, பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போகாது. ஈதர்நெட் கம்பி இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை கருவியை வைக்க வேண்டும். பழைய தேக்கு நிலைகளில் தயவுசெய்து துளை போடாதீர்கள். கம்பியை முற்றத்து ஓரமாகக் கொண்டுபோகலாம்.

கல்யாணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் மட்டுமே திறக்கும் வீட்டுக்கு இரண்டுமே வீண்செலவு. அந்தச் சில நாள்களுக்குச் செல்பேசி ஹாட்ஸ்பாட்டே போதும்.