தங்க வாட்சை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்களுக்கு

கடைப் பெயரை எழுதவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வரும்வரை வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறார்கள். "எந்தக் கடைண்ணே, ராமநாதபுரத்துல எந்தப் பக்கம்?" என்று தனியாகக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆனால் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். ஏன் என்பது கீழே வரும்.

வாட்ச் எங்கள் ஐயாவுடையது. அப்பாவின் அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர். அங்கே வாங்கிய ஒமேகா. 18 காரட் தங்கக் கேஸ், ஆறு மணிக்கு மேலே விநாடி முள்ளுக்கென்று தனியாக ஒரு குட்டி வட்டம், தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கும்போது முழுக்கைச் சட்டையை உள்ளங்கை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கஸ்டம்ஸைத் தாண்டினாராம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. "நான் வந்து எறங்குன ஊரு இல்ல, கட்டியாந்த வாட்ச் இருக்கு பாரு" என்று ஐயா சொல்லிக்கொண்டே இருப்பார் என்று அப்பத்தா சொல்லும்.

2011இல் தங்கச்சி நர்சிங் சேரும்போது அந்த வாட்ச் எட்டு மாதம் அடகுக் கடையில் இருந்தது. சேட்டு பின்மூடியின் ஓரத்தை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் எண்ணினார். அரிசி மணி நீளத்துக்கு ஒரு தேய்ப்பு விழுந்தது. மீட்டு வந்த அன்றைக்கு அப்பா அதைப் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பிடவில்லை. இந்தத் தேய்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழுதானது எங்கள் தப்பு. ஐயாவுக்குத் திதி கொடுக்க ஆடி அமாவாசைக்கு தேவிபட்டினம் போனோம். நவபாஷாணத்தைச் சுற்றிக் கடலில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஏறின பிறகுதான் அப்பா கையைப் பார்த்தார். கண்ணாடிக்குள்ளே தண்ணீர் ஆடியது. சாயங்காலம் முள் நின்றுவிட்டது. போன் நனைந்தால் செய்வார்களே, அந்த மாதிரி அரிசிப் பானைக்குள் ஒரு வாரம் புதைத்து வைத்தோம். பிறகு ஒரு பெரியவர் கேட்டார், "அரிசி தண்ணிய இழுக்கும், உப்ப இழுக்குமா?" கடல் தண்ணீர் போனால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, காயவிடாமல் அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டு ஓட வேண்டுமாம். காய்ந்துவிட்டால் உள்ளே இருக்கிற இரும்புச் சாமான் எல்லாம் துருப்பிடிக்கும். முதலில் போவது சாவித் தண்டு. எங்களுக்கும் அதுதான் போயிருந்தது. சாவியைத் திருகினால் மணல் அரைபடுகிற மாதிரி இருந்தது.

ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இப்பிடி ஒரு பீஸ் பாத்து எத்தன வருஷமாச்சுண்ணே" என்றார். திறந்து பார்ப்போமா என்றேன். "இதுக்குன்னு உள்ள ஆள் இருக்காரு, அவருதான் தொறக்கணும், வெளிய வச்சுத் தொறந்தா தூசி போயிரும்." நியாயமாகத்தான் பட்டது. டயலில் உப்பு பூத்திருந்தது, கேஸ் மங்கியிருந்தது. "எல்லாத்தையும் சேத்துப் பாத்துரலாமா?" என்று அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது: "புதுசு மாதிரி இருக்கணும்ணே."

ரசீதில் எழுதியது இவ்வளவுதான்: பழைய வாட்ச் 1. ரிப்பேர். அட்வான்ஸ் 4,000.

மூன்று வாரம் என்றது ஐந்து மாதம் ஆனது. பார்ட்ஸ் பம்பாயிலிருந்து வர வேண்டும், மெக்கானிக் ஊருக்குப் போய்விட்டார், பொங்கல் கழியட்டும். கடைசியில் 14,500 ரூபாய் முழுசாக வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். வாட்சைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. நேற்று கடையில் வாங்கின மாதிரி பளபளவென்று இருந்தது. டயல் வெள்ளை வெளேர். மெக்கானிக்குக்குக் கொடுங்கள் என்று ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். அது மட்டுமா, படமெடுத்து, கடைப் பெயரைப் போட்டு, தெய்வக் கை என்றெல்லாம் எழுதி ஸ்டேட்டஸ் வைத்தேன். அதைப் பார்த்து ஏழு பேர் நம்பர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்து மூன்று பேர் அங்கே வாட்ச் கொடுத்தார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காகவும்தான்.

ஒன்றரை மாதம் கழித்து அப்பாவின் துண்டில் பச்சை பட்டது. வார் சாயம் போகிறது என்று புது வார் மாற்றினார். மறுபடியும் பச்சை. மணிக்கட்டைக் காட்டச் சொன்னேன், வட்டமாகக் கறை. நம் ஊர் உப்புக் காற்றும் வேர்வையும் எதையும் விடாது, வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். களிம்பு. தங்கத்தில் எங்கேயிருந்து களிம்பு வரும்?

கீழக்கரையில் ஒரு பாய் இருக்கிறார். எழுபத்தைந்து வயதுக்கு மேல், கடையை மூடிவிட்டார், வீட்டுத் திண்ணையில் ஒரு மேசை மட்டும். கொழும்பிலிருந்து வந்த வாட்ச் அந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று இருந்த காலத்திலிருந்தே வேலை பார்க்கிறவர். வாட்சை வாங்கி முதலில் காதில் வைத்தார். "நொண்டுது" என்றார். பிறகு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, பின்மூடி இடுக்கில் ஒரு சின்னக் கத்தியை வைத்து ஒரு நெம்பு. மூடி டக்கென்று எழுந்தது. மெஷினைப் பார்ப்பார் என்று நினைத்தேன். மெஷின் பக்கமே போகவில்லை, மூடியின் உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"எப்ப வாங்குனது தம்பி?"

"அம்பதுகள்ல பாய்."

"எத்தன தடவ சர்வீஸ் பண்ணிருப்பீக?"

"ஐயா காலத்துலேர்ந்து... பத்து தடவையாவது இருக்கும்."

"அப்ப கீறல் எங்க?"

எனக்குப் புரியவில்லை. மேசையடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து, அதில் கிடந்த பழைய மூடி ஒன்றை என் கையில் கொடுத்து லென்ஸையும் கொடுத்தார். உள்பக்கம் ஊசியால் கீறின மாதிரி குட்டிக் குட்டி எழுத்துகள். 3.62 என்று ஒன்று. பக்கத்தில் யாரோ ஒருவருடைய முதலெழுத்து. அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில் 68. வாட்சைத் திறக்கிற மெக்கானிக், தான் பார்த்த தேதியையோ அடையாளத்தையோ மூடிக்குள் கீறி வைப்பது பழைய பழக்கமாம். அடுத்த தடவை வந்தால் தன் வேலையா, அடுத்தவன் வேலையா என்று தெரிவதற்கு. எங்கள் மூடியின் உள்பக்கம் மொட்டையாக இருந்தது. ஒமேகா பெயர் இல்லை, 18 காரட்டுக்கு அடிக்கிற 0.750 என்ற எண் இல்லை, ஒரு கீறல் இல்லை. உரைகல் தேய்ப்பும் இல்லை. அது பாலிஷில் போயிருக்கும் என்று நான்தான் எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாரைக் கழற்றி, வார் மாட்டுகிற காதுகளில் ஒன்றின் அடிப்பக்கத்தைக் காட்டினார். கடுகைவிடச் சின்னதாக ஒரு பெண்ணின் தலை, பாதி தேய்ந்து. சுவிட்சர்லாந்தில் 18 காரட் கேஸுக்கு 1995 வரை அடித்த முத்திரை அது. 14 காரட் என்றால் அணில் இருக்கும் என்றார். ஆக, மேல்கேஸ் நம்முடையதுதான், தங்கம்தான். மூடி மட்டும் முலாம் பூசின பித்தளை.

வீட்டுக்கு வந்து பீரோவைக் கவிழ்த்து 2011 அடகு ரசீதைத் தேடி எடுத்தேன். "ஒமேகா தங்கக் கைக்கடிகாரம், வார் நீங்கலாக, மொத்த எடை 36.400." தெரிந்த நகைக்கடையில் இப்போது எடை போட்டால் 32.100. நாலு கிராமுக்குக் கொஞ்சம் மேலே போயிருக்கிறது என்று பாயிடம் போனில் சொன்னேன். அவர் சிரித்தார். "பித்தள வந்து உக்காந்திருக்குல்ல, அதோட எடைய யாரு கழிப்பா?" ஒரே அளவு மூடியைத் தங்கத்திலும் பித்தளையிலும் செய்தால் 18 காரட் மூடி கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மடங்கு எடை நிற்கும். அப்படிக் கணக்குப் போட்டால் போனது ஒன்பது கிராமுக்கு மேல். அதில் இருக்கிற சுத்தத் தங்கம், ஒரு பவுன் நகையில் இருப்பதற்கு ஏறக்குறைய சமம். அதற்கு மேலே கூலி 14,500, அன்பளிப்பு ஐந்நூறு.

மூடியையாவது திருடினார்கள் என்று சொல்லலாம். டயல் விஷயத்தில் யாரைச் சொல்வது? பழைய டயல் லேசாக மஞ்சளாகி, நடுவில் காப்பித் தூள் நிறத்தில் இரண்டு புள்ளியோடு இருந்தது. அதைச் சுரண்டி வெள்ளைப் பெயின்ட் அடித்து எழுத்தை மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் எழுத்துகள் சுவரெழுத்து மாதிரி தடியாக இருக்கின்றன. குட்டி விநாடி வட்டத்தின் கோடுகள் முள்ளின் அச்சை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கின்றன. அடியில் இருந்த சுவிஸ் மேட் என்ற பொடி எழுத்தையே காணோம். கேஸின் காதுகளில் கத்திமுனை போல இருந்த விளிம்பு, கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. பழைய வாட்ச் தெரிந்தவர்கள் புள்ளியோடு இருந்த அந்த டயலுக்குத்தான் மதிப்புக் கொடுப்பார்களாம். உப்பை மட்டும் மெதுவாக எடுத்துவிட்டு அப்படியே விட்டிருக்கலாம் என்றார் பாய். புதுசு மாதிரி வேண்டும் என்று கேட்டவன் நான். கேட்டதைச் செய்து கொடுத்தார்கள்.

மெஷினில் செம்பு நிறத் தகடுகளுக்கு நடுவில் பேலன்ஸை, அதாவது முன்னும் பின்னும் ஆடுகிற சக்கரத்தைப் பிடித்திருக்கிற பாலம் மட்டும் வெள்ளையாக இருந்தது; வேறு எதிலிருந்தோ கழற்றிப் போட்டது. மெஷினில் வெட்டியிருக்கிற நம்பர் முன்பு என்னவாக இருந்தது என்று பாய் கேட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் இருந்த வாட்ச். ஒருவர்கூட அந்த நம்பரை எழுதி வைக்கவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். இந்தத் தடவை டீ வரவில்லை. "நீங்க குடுத்தப்பவே மூடி அப்பிடித்தான் இருந்துச்சு. ரசீதுல தங்கம்னு போட்டிருக்கா?" போடவில்லை. வக்கீலும் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டார். அடகு ரசீது இருப்பதால் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் சரியில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், என் மாதிரித் தொகைக்குக் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். போலீஸ் புகாரும் யோசனையில் இருக்கிறது.

இப்படி ஒரு வாட்ச் வீட்டில் இருந்தால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள், பழுதாகும் வரை காத்திருக்க வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கை வைத்து உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லி, மூடியின் உள்பக்கம், மெஷின், நம்பர், டயல் எல்லாவற்றையும் போனில் படமெடுங்கள். வாரைக் கழற்றி நகைக்கடையில் எடை போட்டு, காரட் மீட்டரில் மேல்கேஸையும் மூடியையும் தனித்தனியாகப் பாருங்கள். ரிப்பேருக்குக் கொடுத்தால் எடை, காரட், நம்பர் மூன்றும் ரசீதில் ஏற வேண்டும். எழுத மாட்டேன் என்கிறவரிடம் வாட்சைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டயலைத் தொடாதே, பாலிஷ் போடாதே, மாற்றுகிற சாமானைப் பொட்டலம் கட்டித் திருப்பிக் கொடு என்று வாயால் சொல்லி, அதையும் எழுதி வாங்குங்கள். என் ஸ்டேட்டஸைப் பார்த்துப் போன மூன்று பேரும் முதலில் இதைச் செய்யுங்கள், பிறகு என்னைத் திட்டுங்கள்.

பாய் நொண்டலைச் சரிசெய்து, துருப்பிடித்த தண்டை மாற்றி, ஆயில் போட்டுக் கொடுத்தார். பழைய தண்டைத் தாளில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். மூடியை அடைக்கப் போனவர் நிறுத்தி, ஊசியை எடுத்து உள்பக்கத்தில் தேதியைக் கீறினார்.

"இது பித்தளதானே பாய், இத யாரு மாத்தப் போறா?" என்றார் அப்பா.

"இருக்கட்டும்ண்ணே" என்று பாய் மூடியை அழுத்தினார். டக்.