சிலிக்கான் வேலி கிளீன் எனர்ஜி: பில்லுக்குப் பின்னால் இருக்கும் ஒப்பந்தம்

கலிபோர்னியாவில் சன்னிவேல், குப்பர்ட்டினோ, மில்பிடாஸ் பக்கம் புதிதாகக் குடிவருபவர்கள் முதல் மாத மின்கட்டண பில்லைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்வி: "பி.ஜி. அண்ட் இ.-யிடம்தானே இணைப்பு கேட்டோம், நடுவில் இது யார்?" பி.ஜி. அண்ட் இ. அங்கே மின்விநியோகம் செய்யும் தனியார் நிறுவனம். பில்லில் நடுவில் வரும் சிலிக்கான் வேலி கிளீன் எனர்ஜி தனியார் நிறுவனம் இல்லை. சான்டா கிளாரா கவுன்டியில் 12 ஊர்களும், எந்த நகராட்சியிலும் சேராத கவுன்டிப் பகுதியும் கூடி நடத்தும் பொது அமைப்பு இது. 2016-ல் தொடங்கி, 2017 ஏப்ரலில் மின்விநியோகத்துக்கு வந்தது. சான் ஹோசே நகராட்சிக்குத் தனியாக ஒன்று உண்டு. சான்டா கிளாரா நகரமும் பாலோ ஆல்டோவும் மின்சாரத்தைத் தாங்களே நடத்துகின்றன. உங்கள் வீடு எதில் வருகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தை வாங்குவது மட்டும்தான் இந்த அமைப்பின் வேலை. கம்பி, மீட்டர், மின்தடை, பில் அனுப்புவது எல்லாம் பழையபடி பி.ஜி. அண்ட் இ. பொறுப்பு. கரன்ட் போனால் இவர்களைக் கூப்பிட்டுப் பயனில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கான கேர், ஃபெரா சலுகைகளும், மருத்துவக் காரணத்துக்கான கூடுதல் யூனிட்டும் அப்படியே தொடரும். அடிப்படைத் திட்டத்தின் பெயர் கிரீன்ஸ்டார்ட். சற்றுக் கூடுதல் விலையில் கிரீன்பிரைம் எடுத்தால், முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்.

பில்லில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பி.ஜி. அண்ட் இ. பக்கத்தில் உற்பத்திக் கட்டணம் தெரிகிறது. அடுத்த பக்கத்தில் கிளீன் எனர்ஜியின் உற்பத்திக் கட்டணமும் தெரிகிறது. இரண்டு முறை வாங்குகிறார்கள் என்று பதறவேண்டாம். முதல் பக்கத்திலேயே "ஜெனரேஷன் கிரெடிட்" என்ற வரியில் அது கழிக்கப்பட்டிருக்கும். கவனிக்கவேண்டியது அதற்குக் கீழே இருக்கும் பி.சி.ஐ.ஏ. வரி. நீங்கள் பி.ஜி. அண்ட் இ.-யை விட்டு இங்கே மாறுவதற்கு முன் உங்களுக்காகவும் சேர்த்து அது செய்துகொண்ட நீண்டகால மின்கொள்முதலில், சந்தை விலைக்கு மேல் போன தொகையில் உங்கள் பங்கு அது. சந்தை விலை ஏறினால் இது குறையும். சந்தை விழுந்தால் ஏறும். இணைப்பு மாறிய ஆண்டைப் பொறுத்தும் மாறும். ஜனவரி முதல் ஜூன் வரை மாறியவர்களுக்கு முந்தைய ஆண்டின் கணக்கு, ஜூலைக்குப் பின் மாறியவர்களுக்கு அந்த ஆண்டின் கணக்கு. பக்கத்து வீட்டு பில்லும் உங்கள் பில்லும் ஒத்துவராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே ஒப்பிடும்போது கிளீன் எனர்ஜியின் உற்பத்தி விலையோடு பி.சி.ஐ.ஏ.-வையும், பக்கத்தில் இருக்கும் ஃபிராஞ்சைஸ் கட்டணம் என்ற (ஊர்த்தெருக்களில் கம்பி கொண்டுபோவதற்கான) சிறு தொகையையும் கூட்டித்தான் பி.ஜி. அண்ட் இ.-யின் உற்பத்தி விலையோடு வைத்துப் பார்க்கவேண்டும். கணக்குக்காகச் சொன்னால், அங்கே யூனிட்டுக்கு 15 சென்ட், இங்கே 13.6 சென்ட், பி.சி.ஐ.ஏ. 1 சென்ட் என்றால், 500 யூனிட்டுக்கு மிச்சம் 2 டாலர். 7 டாலர் என்று நினைத்து வந்தவர் ஏமாந்துபோவார். வீட்டுக்கூரையில் சோலார் வைத்தவர்களுக்குக் கணக்கு இரண்டாகப் பிரியும். பி.ஜி. அண்ட் இ.-யின் ஆண்டுக் கணக்குமுடிப்பு விநியோகப் பக்கத்துக்கு மட்டுமே. உற்பத்திப் பக்கத்து வரவை இங்கே தனியாகப் பார்க்கவேண்டும்.

சேர்வதற்கு நீங்கள் எதுவும் செய்யவேண்டாம். 2002-ல் வந்த ஏ.பி. 117 சட்டப்படி, விலகுகிறேன் என்று சொல்லாத எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். முதல் 60 நாட்களுக்குள் சொன்னால் சிக்கலில்லாமல் பி.ஜி. அண்ட் இ.-யிடம் திரும்பலாம். அதற்குப் பிறகு இரண்டு வழி: ஆறு மாத முன்னறிவிப்பு கொடுத்துக் காத்திருப்பது, அல்லது உடனே மாறி ஆறு மாதத்துக்கு அன்றைய சந்தையோடு ஏறி இறங்கும் இடைக்கால விலையைக் கட்டுவது. எந்த வழியில் போனாலும் ஓராண்டுக்கு இங்கே திரும்ப முடியாது. கோடைக்கு முன் அவசரப்பட்டு இரண்டாவது வழியை எடுப்பது மோசமான முடிவு. வெயில் காலத்தில்தான் சந்தை விலை எகிறும்.

சேவையாகப் பார்த்தால் நல்ல சேவை. ஆனாலும் பச்சை மின்சாரத்தையும் ஒன்றிரண்டு டாலர் மிச்சத்தையும் மட்டும் வைத்து இதற்கு மதிப்பெண் போடக்கூடாது. பல ஊர்கள் கூடி ஓர் அமைப்பை உருவாக்கினால், அது விழும்போது யார் தாங்குவது என்பதே அசல் கேள்வி. அதற்கான பதில் பில்லில் இருக்காது. ஊர்கள் கையெழுத்திட்ட கூட்டு அதிகார ஒப்பந்தத்தில் இருக்கும்.

கலிபோர்னியா அரசாங்கச் சட்டத்தொகுப்பின் 6500-ம் பிரிவிலிருந்து இந்த அமைப்புகளின் சட்டம் தொடங்குகிறது. சேரும் ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கும் அதிகாரத்தை மட்டுமே கூட்டாகச் செலுத்தமுடியும். எந்த உறுப்பினருக்குரிய கட்டுப்பாடுகளின்படி செலுத்துவது என்பதை ஒப்பந்தத்திலேயே பெயர் சொல்லிக் குறிக்கவேண்டும், அது 6509-ம் பிரிவு. டெண்டர் விதிகளில் தகராறு வந்தால் முதலில் புரட்டவேண்டிய பக்கம் இது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 30 நாட்களுக்குள் மாநிலச் செயலாளரிடம் அறிவிப்புப் பதியவேண்டும். பதியும்வரை கடன்பத்திரம் வெளியிடவோ கடன் வாங்கவோ முடியாது. சின்ன எழுத்துவேலை போலத் தெரியும். இதைத் தவறவிட்டால் கடன் கொடுப்பவரின் வழக்கறிஞர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

எல்லாவற்றிலும் கனமானது 6508.1-ம் பிரிவு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் அமைப்பின் கடன் உறுப்பினர் ஊர்களின் கடன். அதனால்தான் இந்த மின்கொள்முதல் அமைப்புகளின் ஒப்பந்தங்களில் "எங்கள் கடன் ஊர்களின் கடன் ஆகாது" என்ற வரி தவறாமல் இருக்கும். ஊரின் பொதுநிதிக்கு அது கவசம். மின்சாரம் விற்பவருக்கோ அது அபாயம். அவர் முன்பணமோ பிணையமோ கேட்பார். அதைத் தாங்குவதற்குக் கையிருப்பு வேண்டும். கையிருப்பு உங்கள் கட்டணத்திலிருந்துதான் சேரும். விலைத் தள்ளுபடியை இன்னும் ஏற்றவில்லையே என்று கோபப்படுபவர்கள் இந்தச் சங்கிலியை யோசிக்கவேண்டும். கையிருப்பைக் கரைத்துத் தள்ளுபடி தரும் அமைப்பை நாங்கள் நம்பமாட்டோம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ரிவர்சைடு கவுன்டியில் பெரிஸ், ஹெமெட், நார்கோ உள்ளிட்ட ஆறு ஊர்கள் சேர்ந்து வெஸ்டர்ன் கம்யூனிட்டி எனர்ஜி என்ற அமைப்பை நடத்தின. 2020-ல் சேவை தொடங்கியது; உடனே கோவிட். கட்டண பாக்கி குவிந்தது. அந்த ஆகஸ்டு வெயிலில் சந்தை விலை ஏறியது. கையிருப்பு சேர அவகாசமே கிடைக்கவில்லை. 2021 மே மாதம் திவால் சட்டத்தின் 9-ம் அத்தியாயத்தில் மனுப்போட்டது. வாடிக்கையாளர்கள் சதர்ன் கலிபோர்னியா எடிசனிடம் திரும்பிப் போனார்கள். யாருக்கும் விளக்கு அணையவில்லை. ஆனால் இப்படி மொத்தமாகத் திருப்பி அனுப்புவதற்கு ஆகும் செலவை அமைப்பே ஏற்கவேண்டும் என்பது விதி. அதற்காக மின்நிறுவனங்களைக் கண்காணிக்கும் மாநில ஆணையம் அப்போது கேட்ட முன்வைப்புப் பிணையத்தின் குறைந்தபட்சத் தொகை 1,47,000 டாலர். ஒரு பேரிடர் ஆண்டுக்கு அது போதாது என்பது எங்கள் கருத்து.

கவசம் ஓரிடத்தில் மட்டும் கிழிந்திருக்கிறது: ஓய்வூதியம். அசூசா, கொவினா, க்ளென்டோரா, வெஸ்ட் கொவினா என்ற நான்கு ஊர்கள் வேலைப்பயிற்சிக்காக நடத்திய கூட்டமைப்பு கலைந்தது. 2017-ல் கால்பெர்ஸ் ஓய்வூதிய நிதி அதன் ஊழியர்களுடைய ஓய்வூதியத்தை 63 சதவீதம் வரை வெட்டியது. ஒப்பந்தத்தில் கவச வரி இருந்ததால் நான்கு ஊர்களையும் பிடிக்க முடியவில்லை. உழைத்தவர்கள் தலையில் அது விழுந்தது பெரிய அநியாயம். 2019 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த ஏ.பி. 1912 இந்த ஓட்டையை அடைத்தது. இப்போது ஓய்வூதியப் பொறுப்பை உறுப்பினர் ஊர்கள் உதறமுடியாது.

அடுத்தது, ஓர் ஊர் விலகினால் என்ன ஆகும்? மாநிலச் சட்டம் கட்டாயமாக வாங்கவேண்டிய புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் 65 சதவீதத்தைப் பத்து ஆண்டுக்குக் குறையாத ஒப்பந்தங்களால் நிரப்பச் சொல்கிறது. ஊர் வெளியேறினாலும் அதற்காக வாங்கிய மின்சாரம் அமைப்பின் கணக்கில் நிற்கும். எத்தனை மாத முன்னறிவிப்பு, மீதிச் செலவின் பங்கை யார் எப்படிக் கணக்கிடுவது, அந்தக் கணக்கை ஊர் ஏற்காவிட்டால் எங்கே போவது என்ற மூன்றும் தெளிவாக எழுதியிருக்கவேண்டும். "நியாயமான பங்கு" என்று மட்டும் எழுதி விட்டிருக்கும் ஒப்பந்தம் வழக்கில் போய்த்தான் நிற்கும்.

விலையைப் பற்றிக் குறை இருந்தால் மாநில ஆணையத்துக்கு எழுதிப் பலனில்லை. இவர்கள் விலையை ஆணையம் நிர்ணயிப்பதில்லை. ஒவ்வோர் ஊரிலிருந்தும் வரும் கவுன்சிலர்கள் அடங்கிய குழு பொதுக்கூட்டத்தில் நிர்ணயிக்கிறது. பொதுக்கூட்டங்களுக்கான பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரத்துக்கு முன் ஒட்டவேண்டும். வாக்கெடுப்புக்கு முன் நீங்கள் பேசலாம். பொது ஆவணச் சட்டத்தில் ஒப்பந்தமும் தணிக்கை அறிக்கையும் கேட்டால் 10 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். அமைப்பால் அசையும் உடைமைக்குச் சேதம் என்று நஷ்டஈடு கேட்பதானால் ஆறு மாதத்துக்குள் முதலில் அமைப்பிடமே எழுத்தில் கோரிக்கை வைக்கவேண்டும். அதைத் தவறவிட்டவர் நேரே நீதிமன்றம் போனால் வழக்கு நிற்காது.