ஏழாவது ஸ்லைடில் போன 3,40,000 ரூபாய்

பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பண அளிப்பு, அதாவது நாட்டில் புழங்கும் மொத்தப் பணம், என்ற பாடம் எடுக்கிறவன் நான். அதை அளக்கும் எம்1, எம்3 என்று போர்டில் எழுதி எழுதியே இருபது வருஷம் ஓட்டியாயிற்று. அந்தப் பாடத்தை வைத்தே ஒரு கிரிப்டோ காயின் கும்பல் என்னைக் கவிழ்த்துவிட்டது என்று வெளியே சொல்லக் கூச்சம்தான். அதே கும்பல் இப்போது கரூர் பக்கம் கூட்டம் போடுவதாகக் கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

ஈரோட்டில் ஒரு ஓட்டல் ஹால், சனிக்கிழமை மதியம், சாப்பாடு இலவசம். கூட்டிப்போனது மச்சினன். கோட் போட்ட ஒருவர் ஏழாவது ஸ்லைடில் கணக்குப் போட்டார். உலகத்தின் மொத்தப் பணம், அதாவது எம்2, சுமார் 100 லட்சம் கோடி டாலர். அதில் வெறும் 0.01 சதவீதம் எங்கள் காயினுக்கு வந்தாலே 1,000 கோடி டாலர். காயின் மொத்தமே 2.1 கோடிதான், பிட்காயின் மாதிரி. வகுத்தால் ஒன்று 476 டாலர். இன்றைய விலை 4 டாலர் என்றார்.

டிஷ்யூ பேப்பரில் வகுத்துப் பார்த்தேன். சரியாக வந்தது. அங்கேதான் விழுந்தேன்.

உறுத்தாமலும் இல்லை. நம் ரிசர்வ் வங்கிக் கணக்கில் எம்2 என்றால் எம்1-உடன் (மக்கள் கையிலுள்ள ரொக்கமும் வங்கியில் கேட்டவுடன் எடுக்கக்கூடிய பணமும்) தபால் ஆபீஸ் சேமிப்பு. அமெரிக்காவின் எம்2 வேறு. ஆளுக்கொரு படியால் அளந்ததை டாலராக்கிக் கூட்டினால், டாலர் மதிப்பு இறங்கினாலே உலகப் பணம் பெருகின மாதிரித் தெரியும். எழுந்து கேட்டேன். "சார் சூப்பர் கேள்வி, எல்லாரும் கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து எம்2-வும் பிட்காயினும் ஜோடியாக ஏறும் படம். 2021-லேயே வெட்டியிருந்தார்கள். அந்த நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், அடுத்த நவம்பரில் 16,000-க்குக் கீழே போனது. அந்த ஒரு வருஷம் அமெரிக்க எம்2 ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது. வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

இந்தக் கணக்கே பழசு என்று பிறகுதான் படித்தேன். பிட்காயின் பிறந்த 2009 ஜனவரியிலேயே, அதை முதன்முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவரான ஹால் ஃபின்னி, உலகக் குடும்பங்களின் சொத்து 100 முதல் 300 லட்சம் கோடி டாலர், காயின் 2 கோடி என்று வைத்து, ஒன்று சுமார் 1 கோடி டாலர் ஆகலாம் என்று எழுதியிருக்கிறார். வேடிக்கையான கற்பனை என்றுதான் அவரே சொன்னார். நம்ம ஆள் அதை விலைப்பட்டியல் ஆக்கிவிட்டார்.

சீட்டு எடுத்த 3,40,000 ரூபாயை மூன்று தனிநபர்களின் சேமிப்புக் கணக்குக்குப் போடச் சொன்னார்கள். போட்டேன். 1,000 காயின் வந்தது. இரண்டு மாதத்தில் அவர்களுடைய ஆப்பில் விலை 11 டாலர், என் பெயரில் 9,35,000 ரூபாய். எடுக்கப் போனால், லாபத்துக்கு 30 சதவீத வரி 1,78,500 ரூபாயை முதலில் எங்களிடம் கட்டுங்கள் என்றார்கள். 30 சதவீத வரி நிஜம், 2022 பட்ஜெட்டில் வந்தது. ஆனால் அதை நாம்தான் வருமான வரித்துறைக்குக் கட்டுவோம், ஆப்காரனுக்கு இல்லை. எடுப்பவனிடமிருந்து பிடிப்பது 1 சதவீத டிடிஎஸ் மட்டும், அதுவும் கொடுக்கிற தொகையிலேயே கழித்துக்கொள்வது வழக்கம். அப்போதுதான் புத்தி வந்தது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் பெங்களூரில் சாஃப்ட்வேரில் இருக்கிறான். காயினின் கான்ட்ராக்டை, அதாவது அதை இயக்கும் புரோகிராமை, திறந்து காட்டினான். "சார், இங்க பாருங்க, மின்ட்னு ஒரு வசதி இருக்கு. ஓனர் நினைச்சா புதுசா அடிச்சுக்கலாம்." அடித்தும் விட்டிருந்தார்கள்: மொத்தம் 210 கோடி காயின், பெரும்பங்கு ஒரே வாலட்டில் (காயின் வைக்கும் கணக்கில்). மறுபடி வகுத்தேன். 1,000 கோடி டாலர் வகுத்தல் 210 கோடி, 4 டாலர் 76 சென்ட். அவர்கள் கனவு அப்படியே பலித்தாலும் நான் வாங்கிய விலைதான் கிட்டத்தட்ட! அந்த 11 டாலரும் அவர்களே ஆப்பில் ஓடவிட்ட நம்பர்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன், பணம் போட்டு எழுபது நாள் கழித்து. ஒரு கணக்கை முடக்கினார்கள். உள்ளே 212 ரூபாய் இருந்தது. பணம் போன அன்றைக்கே அழையுங்கள்.

மச்சினன் ஆறு லட்சம் போட்டிருக்கிறான். "லிஸ்டிங் ஆகட்டும் மாமா" என்கிறான் இன்னமும், அதாவது காயின் பெரிய சந்தையில் விற்பனைக்கு வரட்டுமாம்.