ஓட்டு, தூக்கு, ஊட்டு: விதி அகராதியிலா, தொடரிலா?

தமிழ் வாக்கியத்தைப் பிரித்துக் காட்டும் ஒரு சின்ன நிரலை லாஸ்பேட்டை வீட்டில் எழுத உட்கார்ந்தபோது, முதல் முட்டுக்கட்டை பிறவினைதான், அதாவது இன்னொருவரைச் செய்ய வைப்பதைச் சொல்லும் வினை. ‘ஓடு’ இருக்கிறது, சரி. ‘ஓட்டு’ எங்கிருந்து வருகிறது?

எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வைக்கலாம். கை வலிக்கும், திருந்து–திருத்து, அடங்கு–அடக்கு உறவும் காணாமல் போகும். அதை விடுவோம். மிச்சம் இரண்டு வழி: ‘ஓடச் செய்’ என்ற தொடரையே ‘ஓட்டு’ ஆக்கும் மாற்றிலக்கணம்; அகராதிக்குள் ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிக்கும் சொல்நிலை விதி.

மாற்றிலக்கணத்தில்தான் முதலில் இறங்கினேன். பார்க்க அழகாக இருந்தது, ‘தூங்கு’ வரும்வரை. ‘குழந்தையைத் தூக்கினாள்’ என்றால் தூங்க வைத்தாள் என்றது நிரல்! பாவம், அதன் மேல் தப்பில்லை. பழைய தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதலும்தான்; தூக்கு அதற்கு முறையான பிறவினை. அப்புறம் இரண்டும் வேறு வேறு பக்கம் போய்விட்டன. இப்படி ஒவ்வொரு விலக்குக்கும் தொடர் விதியில் ஒட்டுப் போட்டேன். ஒரு ஒட்டு இன்னொன்றைக் கிழித்தது.

சொல்நிலை விதியில் ‘தூக்கு’ ஒரு முழுப் பதிவு. பொருளை அங்கேயே திருத்தலாம், விதியைத் தொட வேண்டாம். ‘உண்’ணுக்கு ‘ஊட்டு’ என்று கையால் எழுதிவிட்டேன். பதிவு இருக்கும் இடத்தில் விதி ஒதுங்கிக்கொள்ளும்படி அமைத்தேன். புது வினை சேர்க்கும்போது பழையது உடையவில்லை. நான் மாறியதற்கு இந்தப் பராமரிப்புதான் காரணம். போனஸாக, ‘ஓட்டு’ சொல்லாகிவிட்டதால் கடலூர் பஸ்ஸில் எழுதியிருக்கும் ‘ஓட்டுநர்’ அதிலிருந்தே கிடைத்தது.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. வினையிலிருந்து பிறக்கும் பெயர்களில் ஒரு வகையை 1970-லேயே மொழியியலாளர் சோம்ஸ்கி அகராதிப் பக்கம் தள்ளினார். 1982-ல் இன்னொரு மொழியியலாளர் ஜோன் பிரெஸ்னன் செயப்பாட்டு வினையையே சொல்நிலை விதியாக எழுதிக் காட்டினார்.

ஆனால் ‘தூங்க வை’யைத் தொடர் பக்கமே விட்டிருக்கிறேன். ‘தூங்கவே வைக்கவில்லை’ என்று நடுவில் ஏகாரம் நுழைகிறதே; ‘ஓட்டு’க்குள் அப்படி எதையும் நுழைக்க முடியாது. ‘எழுதுவி’யில் வரும் ‘வி’ நிறைய வினைகளோடு ஒட்டுகிறது. அதை அரைமனதோடுதான் அகராதியில் போட்டிருக்கிறேன். என் பட்டியலில் இருப்பதும் சில நூறு வினைகள்தான். பெயர்ச்சொல் பக்கம் இன்னும் போகவே இல்லை.