மயில் கல் என்று சொல்லி விற்கிறார்கள், வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கோயம்புத்தூரில் ஒரு பொருட்காட்சிக் கடையில் என் மகள் ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று ஒரு கல் வாங்கினேன். நீலமும் ஊதாவுமாக மயில் கழுத்து மாதிரி மின்னியது. "போர்னைட்டுங்க, பூமியில இருந்து வர்றப்பவே இந்த நிறந்தானுங்க. ராத்திரி சொம்புத் தண்ணியில போட்டு வெச்சுக் காலைல குடிச்சா மூட்டு வலியே வராதுங்க" என்றார் கடைக்காரர். விலை 1,800 ரூபாய். போர்னைட் என்பது மயில் கல் என்று சொல்லப்படும் ஒரு செம்புத் தாது.

காங்கேயத்தில் கல் பட்டறை வைத்திருக்கும் சொந்தக்கார அண்ணனிடம் காட்டினோம். ஓரத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். மேலேதான் அத்தனை வண்ணமும், உள்ளே வெறும் பித்தளை மஞ்சள். "இது சால்கோபைரைட் கண்ணு. ஆசிட்ல போட்டு எடுத்தா இப்படி நிறம் ஏறிக்கும்" என்று மகளிடம் சொன்னார். நிஜமான போர்னைட்டை உடைத்தால் உள்ளே செம்பு கலந்த பழுப்பாக இருக்கும். அப்புறம் காற்றுப் பட்டுத் தானாகவே ஊதாவாகும்.

சால்கோபைரைட் ஒன்றும் மட்டமான கல் இல்லை. ராஜஸ்தானின் கேத்ரியிலும் மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்டிலும் செம்புக்காகத் தோண்டுவது முக்கியமாக இதைத்தான். எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் செம்பு, மீதி இரும்பும் கந்தகமும். சொந்தப் பெயரிலேயே விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்போம். அதுதான் எனக்கு ஆத்திரம்.

இதையே தங்கக் கல் என்று சொல்லிக்கொண்டும் யாராவது வரலாம். பாத்ரூம் டைல்ஸின் வழவழப்பில்லாத பின்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். தங்கம் மஞ்சள் கோடு போடும், இது பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும். தங்கம் மாதிரியே மின்னும் இன்னொரு கல்லான பைரைட்டின் கோடும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அதில் கத்தி முனை கீறாது. சால்கோபைரைட்டில் கீறும்.

தண்ணீரில் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். கந்தகத் தாது அது, கூடவே ஆர்சனிக் உள்ள தாதுக்களும் கலந்திருக்கலாம். ஆசிட் வேறு ஒட்டியிருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் குடிக்கச் சொல்கிறார்களே, அதை நினைத்தால்தான் பதறுகிறது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "உடைச்சுட்டீங்களே, இனி எப்படி வாங்கறது?" என்று கையை விரித்துவிட்டார். பில்லில் அவர் எழுதியிருந்தது 'அலங்காரக் கல்', அவ்வளவுதான். அதனால் கல்லின் பெயரையும், நிறம் இயற்கையா ஏற்றியதா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அது கையில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எழுத மாட்டேன் என்றால் கல்லை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.