லைனை நிறுத்துவதா, ஓடவிட்டுக் கடைசியில் சரிபார்ப்பதா?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் தொழிற்சாலை 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து, நும்மி என்ற பெயரில் அதே இடம் மறுபடி திறந்தது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. பிழை கண்டதும் லைனை (வண்டி நகர நகரப் பாகங்களைப் பூட்டும் வரிசையை) நிறுத்துவது, ஓடவிட்டுக் கடைசியில் சரிசெய்வது என்ற இரண்டு முறைகளை ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பழைய முறையில் என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. போல்ட் சரியாக இறுகவில்லையா, வண்டி போகட்டும். கடைசியில் ஒரு குழு பிரித்துச் சரிசெய்யும். எண்ணிக்கை குறையாது, மேனேஜருக்கும் நிம்மதி. ஆனால் அதே பிழை அடுத்த வண்டியிலும் வரும்.

டொயோட்டா முறையில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு ஓடும். சந்தேகம் வந்தால் தொழிலாளி இழுக்கலாம். விளக்கு எரியும், இசை ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வருவார். லைன் உடனே நிற்பதில்லை. வண்டி அந்தத் தொழிலாளியின் வேலையிடத்தின் எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் சரியாகிவிட்டால் மறுபடி இழுத்து விளக்கை அணைத்துவிடுவார்கள், ஆகாவிட்டால்தான் நிற்கும். (டொயோட்டா குழுமத்தை நிறுவிய சகிச்சி டொயோடாவின் 1924-ல் வந்த தறியும் நூல் அறுந்தால் தானே நின்றுவிடும்; யோசனையின் வேர் அங்கேதான்.) அப்புறம் பிழை ஏன் வந்தது என்று தேடுவார்கள், தேவைப்பட்டால் வேலை செய்யும் முறையே மாறும்.

என் ஓட்டு கயிற்றுக்கே, ஆனால் நிபந்தனை உண்டு. ஐந்தாறு பேருக்கு ஒரு லீடர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இழுத்தவரை யாரும் முறைக்கக் கூடாது. இந்த இரண்டும் இல்லாத கம்பெனியில் கயிறு கட்டுவது காசுக்குத்தான் கேடு. அங்கே லீடர்களைப் பழக்கும்வரை கடைசிப் பரிசோதனையே இருக்கட்டும்.